வீசைக் கணக்கும் ஊறப்போட்ட பயறும்

என் வீட்டுக்காரர் ஒரு பயறைக் கடித்துப் பார்த்தே அது எந்த வருஷத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவார். ரங்கூன் பயின்னௌங் மொத்தச் சந்தையில், ஒரு பயறு மண்டியில் முப்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிறவர். மண்டி மேசைமேல் வரிசையாகத் தட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கை உளுந்து, துவரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை. வாங்க வருகிறவர்கள் ரெண்டு மணியை எடுத்து முன்பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிப்பார்கள். டக்கென்று தெறித்தால் காய்ந்த சரக்கு. பல் அமுங்கி இறங்கினால் ஈரம், விலையைக் குறை. இந்தியாவில் ‘பர்மா உளுந்து’ என்று வாங்கி இட்லிக்கு ஊறவைக்கிறார்களே, அந்தச் சரக்கெல்லாம் இப்படி யாரோ ஒருவர் பல்லுக்குத் தப்பி வந்ததுதான். 2017இல் இந்தியா துவரைக்கும் உளுந்துக்கும் இறக்குமதி உச்சவரம்பு வைத்தபோது இங்கே விலை சரிந்த சரிவில் எங்கள் வீட்டில் அந்தத் தீபாவளிக்குப் புதுத்துணி கிடையாது.

இப்படிப் பயறிலேயே கிடந்த மனுஷர் வீட்டில் பயறைத் தொடமாட்டார். “பகல் முழுக்க அதுங்க மூஞ்சியிலதான் முழிக்கிறேன், தட்டுலயும் அதுவா?” என்பார். அவருக்கு மலைபோலச் சோறு வேண்டும். அதன்மேல் எண்ணெய் மிதக்கிற கோழிக்குழம்போ மீன்குழம்போ வேண்டும். ஓரத்தில் மீன் அரைத்துப் புளிக்கவைத்த ஙபி இருந்தால் இன்னும் ரெண்டு கை சோறு கூடப் போகும்.

சில வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை என்று தெரியவந்தது. கூடவே பிரஷரும். பார்த்தவர் ஒரு பர்மியப் பெண் டாக்டர். திட்டவில்லை, பயமுறுத்தவும் இல்லை. ஒரு தாளில் வட்டம் போட்டு, குறுக்கே ஒரு கோடு, பாதியில் இன்னொரு கோடு இழுத்தார். பெரிய பாதியில் கீரையும் காயும். கால் பங்கில் சோறு. மிச்சக் கால் பங்கில் பருப்பு, பயறு, இல்லையென்றால் முட்டையோ மீனோ. “வீட்டில் சமைப்பது யார்?” என்று கேட்டு, தாளை அவரிடம் தராமல் என் கையில் கொடுத்தார். அது இன்றைக்கும் அரிசி டின் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. அரிசி அள்ளும்போதெல்லாம் கண்ணில் படட்டும் என்று அங்கே ஒட்டினேன்.

நான் முதலில் கைவைத்தது எண்ணெயில்.

பர்மாக்காரர்கள் குழம்பு சரியாக வெந்துவிட்டது என்பதையே ‘ஸீப்யான்’ என்று சொல்வார்கள். எண்ணெய் திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம். நாமும் எண்ணெய் பிரிகிறவரை வதக்கு என்றுதான் சொல்கிறோம். ஆனால் இங்கே சட்டியில் பிரிந்து நிற்பது ஒரு விரல் உயரத்துக்கு இருக்கும். மேலே எண்ணெய் மூடியிருந்தால் குழம்பு சீக்கிரம் கெடாது என்பது பழைய ஆட்கள் கணக்கு. விருந்தாளிக்கு எண்ணெய் குறைத்து வைத்தால் கஞ்சப் பிசுநாறி என்று பெயர் வரும். மூன்று தலைமுறையாக இந்த மண்ணில் இருக்கிறோமே, எங்கள் சாம்பாரும் மெள்ள மெள்ள ஸீப்யான் ஆகிவிட்டது. நானே கவனிக்கவில்லை. ஊரிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரப் பெண் சாம்பார்க் கரண்டியைத் தூக்கிப் பார்த்து, “என்னக்கா, இதுல அப்பளம் பொரிக்கலாம் போலிருக்கே” என்றாள். அப்போதுதான் உறைத்தது.

இங்கே எண்ணெய் வாங்குவது வீசைக் கணக்கில். ஒரு வீசை 1.63 கிலோ, நூறு டிக்கல். வெள்ளைக்காரன் புத்தகங்களில் ‘விஸ்’ என்று எழுதிவைத்தது நம் தமிழ் வீசையைத்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. நான், அவர், மகள், அத்தை என்று நாலே பேர் இருக்கிற வீட்டுக்கு மாதம் மூன்றரை வீசை எண்ணெய் போய்க்கொண்டிருந்தது. கணக்கு எழுதுகிறவர் வீட்டில் யாரும் இந்தக் கணக்கைப் போட்டதில்லை!

டின்னிலிருந்து நேரே சட்டியில் சாய்ப்பதை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பாட்டிலில் அம்பது டிக்கல் அளந்து வைப்பேன். அந்த வாரத்துக்கு அவ்வளவுதான், பாட்டில் காலியானால் காலி. முதல் வாரம் வியாழக்கிழமை மத்தியானமே பாட்டில் கவிழ்ந்துவிட்டது. வெள்ளியும் சனியும் இட்லி, துவையல், அவித்த காய் என்று ஓட்டினோம். அந்த ரெண்டு நாள்தான் எனக்குப் பாடம் நடத்தியது. வெங்காயத்தை எண்ணெயில் நீந்தவிட வேண்டியதில்லை. ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, கை நனைக்கிற அளவு தண்ணீர் தெளித்து மூடிவைத்தால் அதன் நீரிலேயே குழைந்துவிடுகிறது. எண்ணெயைக் கடைசித் தாளிப்புக்கு வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் ஊற்றுகிற மூன்று கரண்டி மசாலாவோடு கரைந்து காணாமல் போகும். கடைசியில் விழுகிற ஒரு ஸ்பூன் கடுகு, பூண்டு வாசனையோடு மேலேயே நிற்கும், நாக்கு அதைத்தான் முதலில் பார்க்கும். இப்போது வாரத்துக்கு நாற்பது டிக்கலில் நிற்கிறோம். அதற்குக் கீழே இறங்கினால் வீட்டில் கலகம் வரும், இறங்கவும் இல்லை.

எண்ணெய் குறைந்தது. சோறும் ஒரு கை குறைந்தது. குறைந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது? அங்கேதான் மாட்டிக்கொண்டேன். சாயங்காலம் ஆறு மணி, கரண்ட் இல்லை, எல்லாருக்கும் பசி. அந்த நேரத்தில் கை தானாகக் கருவாட்டுக்கோ முட்டைக்கோ நூடுல்ஸ் பொட்டலத்துக்கோதான் போகும். பயறு நல்லதுதான், ஆறு மணிக்கு எடுத்து ஆறரைக்கு வேகுமா?

வழி சொன்னது அத்தை. பெகு பக்கம் வயல்காட்டில் வளர்ந்தவர். “எங்க வீட்டுல ராத்திரி விளக்க அணைக்கிறதுக்கு முன்னாடி எதையாவது ஊறப்போடாம ஆத்தா படுக்காது. என்ன குழம்புன்னு காலையில பாத்துக்கலாம், மொதல்ல ஊறட்டும்னு சொல்லும்” என்றார். சரி என்று நானும் ஆரம்பித்தேன். படுக்கப் போகும்போது, மண்டியிலிருந்து வந்த மாதிரிச் சரக்குப் பொட்டலங்களில் எது கைக்கு வருகிறதோ, அதில் ஒரு பால் டின். இங்கே அரிசி பருப்பெல்லாம் கண்டன்ஸ்டு மில்க் டின்னால்தான் அளப்போம், எட்டு டின் ஒரு பியீ. என்ன சமைப்பது என்று யோசிக்கக் கூடாது, ஊறப்போட மட்டும் வேண்டும். காலையில் பாத்திரத்தைத் திறந்தால் பயறு உப்பி உட்கார்ந்திருக்கும். இனி அதை வீணாக்க மனசு வராது. எப்படியும் சமைத்துத்தான் ஆகணும். என் மன உறுதியை நம்பி ஆரம்பித்த எதுவும் ஒரு மாதத்துக்குமேல் நின்றதில்லை. ஊறின பயறு மட்டும் என்னை விடவே இல்லை.

சில சூட்சுமங்கள் அடிபட்டுத் தெரிந்தவை. கொண்டைக்கடலையும் பட்டாணியும் ராத்திரி முழுக்க ஊறணும், முழுப் பாசிப்பயறுக்கு நாலைந்து மணி நேரம் போதும், துவரம்பருப்புக்கு அரைமணி. சித்திரை வெயிலில் ராத்திரியே தண்ணீர் நுரைத்துப் புளிவாடை வந்துவிடும். அந்த மாதங்களில் சாயங்காலமே ஊறப்போட்டு, படுக்கும்போது ஒருமுறை தண்ணீர் மாற்றுவேன். ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீரில் வேகவைத்தால் வயிற்று உப்புசம் குறைகிறது. புளி, தக்காளி, எலுமிச்சை எதுவும் பயறு மசிகிறவரை பக்கத்தில் வரக் கூடாது. புளிப்பு முன்னால் விழுந்துவிட்டால் எத்தனை விசில் விட்டாலும் தோல் விறைத்துக்கொண்டு நிற்கும். பழைய பயறு வேகாவிட்டால் சோடா உப்புப் போடுகிறவர்கள் உண்டு. சீக்கிரம் வேகும்தான். ஆனால் கொழகொழவென்று ஆகி, சோப்பு வாசனை வருகிறது, பயறில் இருக்கிற பி1 சத்தும் அதில் அழிகிறது. பிரஷர்காரருக்கு அந்தச் சோடியமும் வேண்டாத விருந்தாளி. அதனால் பழைய பயறை இன்னும் நாலு மணி நேரம் கூடுதலாக ஊறவிடுவதோடு சரி.

அடுத்தது கரண்ட். எங்கள் திங்கன்ஜூன் பக்கம் முறைவைத்துத்தான் வரும், முறைப்படியும் வராது. வந்த நொடியில் தெரு முழுக்கப் பிள்ளைகள் “மீ லாபீ!” என்று கத்துவார்கள், வெளிச்சம் வந்தாச்சு என்று. ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தாலும் ஏதாவது ஒரு வீட்டில் யாராவது கத்துவார்கள், உடனே நாலு வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடும், ரெண்டு வீட்டில் கிரைண்டர் ஓடும். நானும் தூக்கக் கலக்கத்தில் எழுந்து மாவு அரைத்திருக்கிறேன். கரண்ட் இல்லாத ஐஸ்பெட்டி வெறும் பீரோ. அதை நம்பி வாரத்துக்குச் சமைத்துவைக்கிற வேலையெல்லாம் இங்கே ஆகாது. ஒரு வேளைக்கு ஆக்கி, அந்த வேளையே தீர்க்கணும். தேங்காய் அரைத்துவிட்டது மத்தியானத்துக்குள் தீரணும். புளி விட்டது சாயங்காலம்வரை தாங்கும்.

கரி அடுப்பில் பயறு வேகவைத்தால் கரி எக்கச்சக்கமாகப் போகும். அதற்கு ஒரு உபாயம் பிடித்தேன். ஊறின பயறை நல்ல கனமான பாத்திரத்தில் தளதளவென்று பத்துப் பதினைந்து நிமிஷம் கொதிக்கவிட்டு, மூடியைத் திறக்காமல் அப்படியே இறக்கி, பழைய கம்பளியில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிடுவேன். ரெண்டு மூன்று மணி நேரத்தில் பாசிப்பயறும் பருப்பும் பூவாக மலர்ந்திருக்கும், கொண்டைக்கடலைக்கு மட்டும் மறுபடி ஒரு கொதி காட்டணும். அத்தை அந்தப் பெட்டிக்கு ‘பிரசவ அறை’ என்று பெயர் வைத்திருக்கிறார்.

அந்தப் பெட்டியால் ஒருநாள் வீடே கவிழ்ந்தது. அவர் மண்டியிலிருந்து ராஜ்மா கொண்டுவந்தார். பர்மியப் பெயர் ‘போ ஸா பெ’, துரை தின்னும் பயறு என்று அர்த்தம். துரைக்குப் போட்டது நமக்கும் ஆகட்டுமே என்று ஊறவைத்து, கரி மிச்சம் பிடிக்கிற ஆசையில் ஒரே கொதி வந்ததும் இறக்கிச் சுற்றிவிட்டேன். மத்தியானம் எடுத்தபோது ஓரளவு மெதுவாகத்தான் இருந்தது. லேசாகப் பல்லில் நின்றது, அதுவும் ருசிதான் என்று பரிமாறினேன். மூன்று மணி நேரத்தில் நாலு பேருக்கும் வாந்தி. வயிறு காலியாகிற அளவுக்கு. பிறகுதான் டாக்டர் விளக்கினார். ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சு இருக்கிறது. நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத்தண்ணீரில் பத்து நிமிஷமாவது விடாமல் கொதிக்கவிட்டால்தான் அது போகும். அரை மணி கொதித்தால் இன்னும் நல்லது. அரைகுறைச் சூட்டில் கிடந்தால் போகவே போகாது. இப்போது ராஜ்மாவும் ‘தோபாபெ’ என்கிற வெள்ளைப் பட்டர் பீன்ஸும் எங்கள் வீட்டில் பெட்டிக்குள் போவதில்லை. ஊறின தண்ணீரைக் கொட்டி, மூடாமல் அடுப்பிலேயே முழுக்க வேகும். கரி போனால் போகட்டும்.

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. சர்க்கரை பார்த்தோம். மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற அந்தப் பரிசோதனையில் எண் அசையவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. எண்ணெய் அளந்து, சோறு அளந்து, ராத்திரி எழுந்து மாவரைத்து, கடைசியில் இதுவா? மகள்தான் அப்பாவைக் குறுகுறுவென்று பார்த்து, “அப்பா, மண்டி பக்கத்து டீக்கடையில ஒரு நாளைக்கு எத்தனை?” என்று கேட்டாள். மனுஷர் சுவரைப் பார்த்தார். நாலு. நாலும் ‘ச்சோ ஸெய்ன்’. கண்டன்ஸ்டு மில்க் தாராளமாக விட்ட, தித்திப்பும் கெட்டியுமான டீ. கூடவே ரெண்டு ஈச்சாக்குவே, எண்ணெயில் பொரித்த அந்த நீள மாவுக் குச்சி. வியாபாரம் பேசுவதே டீக்கடையில்தான், குடிக்காமல் எப்படி உட்காருவது என்றார். நியாயம்தான். இந்த ஊரில் டீக்கடை இல்லாமல் ஆம்பிளைகள் ஒரு முடிவும் எடுப்பதில்லை.

சண்டை போடவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் சண்டையால் ஒன்றும் ஆகவில்லை, காலைப் பலகாரத்தால் ஆயிற்று. இங்கே விடிகாலையில் பெண்கள் தலையில் கூடை வைத்துக்கொண்டு “பெ... ப்யௌ...” என்று ராகம் இழுத்து விற்றுக்கொண்டு போவார்கள். முளைவிட்ட பட்டாணியை உப்புப் போட்டு அவித்தது. சின்ன வயசிலிருந்து கேட்டுக் கேட்டு அது காக்கா சத்தம் மாதிரி ஆகிவிட்டது எனக்கு. அதை வீட்டில் செய்ய ஆரம்பித்தேன். ராத்திரி ஊறின பட்டாணியை வடித்து ஈரத்துணியில் ஒரு நாள் கட்டிவைத்தால் வெள்ளை மூக்கு எட்டிப்பார்க்கும். மஞ்சள் ஒரு துளி, உப்பு அளவாக, குழையாமல் அவிக்கணும். பிறகு ஒரு ஸ்பூன் எண்ணெயில் வெங்காயம் சிவந்ததும் அதில் புரட்டி எடுக்கிறோம். வயிற்றில் அது கிடந்தால் பதினொரு மணிவரை பசி எடுப்பதில்லை, ஈச்சாக்குவே வேண்டியிருப்பதில்லை. டீ ஒன்றாகக் குறைந்தது. மற்ற நேரம் கடையில் சும்மாவே வைக்கிற வெறும் சூட்டுத் தேத்தண்ணீர். அடுத்த மூன்று மாதத்தில் எண் இறங்கியது. மாத்திரையும் விடவில்லை. சாப்பாட்டை மாற்றிவிட்டோம் என்று மாத்திரையைத் தானாக நிறுத்தின ஒரு உறவுக்காரர் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறோம்.

அந்த வெறும் தேத்தண்ணீரைப் பற்றியும் ஒன்று. சாப்பிடும்போதே மாற்றி மாற்றிக் குடிப்பது இங்கே பழக்கம். மகளுக்கு ரத்தம் குறைவு என்று வந்தபோதுதான், தேயிலை கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு இழுத்துக்கொள்வதைத் தடுக்கும் என்று தெரிந்தது. இப்போது சாப்பாட்டுக்கும் தேத்தண்ணீருக்கும் நடுவே ஒரு மணி நேரம் இடைவெளி. தட்டில் ஒரு துண்டு எலுமிச்சை கட்டாயம், புளிப்பு இரும்பை இழுத்துவரும்.

இனி தோஹு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆகணும், சர்க்கரைக்காரர் வீட்டுக்கு இதைவிட உதவியான பண்டம் எனக்குத் தெரியாது. ஷான் மாநிலத்துப் பண்டம். சீனாக்காரர் செய்கிற சோயா டோஃபு இல்லை இது. கடலைமாவில் செய்வது, பால் திரிக்கிற வேலையெல்லாம் கிடையாது. நம் களிக்குத் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளலாம். முதல் தடவை கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டிக் கிண்டினேன். கட்டி கட்டியாக, கோழிமுட்டை மஞ்சள் கரு அவிந்த மாதிரி நின்றது. அத்தை எட்டிப் பார்த்து, “களி கிண்டத் தெரியாதவளுக்குத் தோஹு எதுக்குடி” என்று சிரித்தார். அவர் சொன்னபடிதான் அடுத்த தடவை செய்தேன். ஒரு பால் டின் கடலைமாவு, உப்பு, மஞ்சள்தூள் கிள்ளி. ஒரு டின் தண்ணீரில் கரைத்து அரைமணி அப்படியே வைக்கணும். அடிகனமான சட்டியில் இன்னும் ரெண்டு டின் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தணலைக் குறைத்து, கரைசலை வடிகட்டியபடியே நூலாக ஊற்றிக்கொண்டு இன்னொரு கையால் துழாவணும். ரெண்டு நிமிஷத்தில் கெட்டிப்படும், அங்கே ஏமாந்து இறக்கிவிடக் கூடாது. பத்துப் பன்னிரண்டு நிமிஷம் கை ஓயாமல் கிண்டினால் பச்சை வாசனை போய், மேலே ஒரு பளபளப்பு வரும். கரண்டியைத் தூக்கினால் துண்டு துண்டாக விழாமல் பட்டுத்துணி மடிகிற மாதிரி மடிந்து விழும். அதுதான் பதம். எண்ணெய் தடவின தட்டில் ரெண்டு விரல் உயரத்துக்கு ஊற்றிவிட்டால் ரெண்டு மணி நேரத்தில் அல்வா போல வெட்டலாம்.

அதை வெட்டி ‘அத்தௌ’ பண்ணுவோம். சென்னையில் பர்மாவிலிருந்து திரும்பிய நம் ஆட்கள் வண்டியில் நூடுல்ஸ் பிசைந்து விற்று ‘அத்தோ’ என்று பெயர் வாங்கிக்கொடுத்தார்களே, அதே வார்த்தைதான். இங்கே கையால் பிசைகிற எதற்கும் அதுதான் பெயர். தோஹுத் துண்டு, மெல்லிசாக அரிந்த சின்ன வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த மிளகாய்த்தூள், இடித்த வேர்க்கடலை, கொத்தமல்லி, பூண்டு பொரித்த எண்ணெய் ஒரு ஸ்பூன். கரண்டியால் கிளறினால் சேராது, கை போட்டுத்தான் பிசையணும். சோறே இல்லாமல் ராச்சாப்பாடு முடிந்துவிடும். அவர் அன்றைக்குத் தட்டை வழித்தார். கொண்டைக்கடலைதான் இது என்று அடுத்த நாள் சொன்னேன்.

கீரைக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. நம்மிடம் இருந்த பழக்கம்தான் சுருங்கிப்போயிருந்தது. நாங்கள் முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, புளிச்சக்கீரை என்று மூன்றிலேயே சுற்றிக்கொண்டிருந்தோம். சந்தையில் கீரை விற்கிற ‘அமா’ ஒருத்தி, எனக்கு மூத்தவள், அவள்தான் வல்லாரையைப் பச்சையாகப் பிசையச் சொல்லிக்கொடுத்தாள். நாம் ஞாபகசக்தி என்று பிள்ளைகளுக்குத் துவையல் அரைத்துக் கொடுப்போமே, அதை இவர்கள் பொடியாக அரிந்து, வறுத்த கடலைமாவு ரெண்டு ஸ்பூன், வேர்க்கடலை, எள்ளு, வெங்காயம், எலுமிச்சை போட்டு அத்தௌ பண்ணுகிறார்கள். வறுத்த மாவு கீரையின் நீரை உறிஞ்சிக்கொண்டு எல்லாவற்றையும் ஒட்டவைக்கிறது. எண்ணெய் ஊற்றிச் செய்யவேண்டிய வேலையை அந்த மாவு செய்துவிடும். ஆனால் குளத்திலும் குட்டையிலும் படர்கிற வள்ளைக்கீரையை மட்டும் பச்சையாகத் தின்னக் கூடாது. புழு முட்டை ஒட்டியிருக்கும். நன்றாக வதக்கித்தான் தின்னணும். மழைக்காலத்தில் எந்தக் கீரையும் நாலு தண்ணீராவது அலசணும்.

புளிச்சக்கீரையில் இன்னொரு லாபம் கண்டேன். புளிப்பு தூக்கலாக இருந்தால் உப்புக் குறைந்தது நாக்குக்குத் தெரிவதில்லை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன் உப்புக்குள், அதாவது 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஙபியும் கருவாடும் ஊறுகாயும் சோயா சாஸும் அஜினமோட்டோவும் இருக்கிற வீட்டில் அது காலை பத்து மணிக்கே முடிந்துவிடும். அஜினமோட்டோவை நிறுத்தினேன். ஙபியை நிறுத்த முடியவில்லை. அத்தைக்கு எண்பது நெருங்குகிறது, அவர் தட்டில் சுண்டைக்காய் அளவுக்கு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மீன் உண்டு. முழுச் சைவம் என்று நாங்கள் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிற நாட்களில் மட்டும் வீடு முழுக்கச் சுத்தம்.

அரிசியில் தோற்றேன். ‘லோன்டீ’ என்கிற தீட்டாத சிவப்பரிசி நல்லது என்று ஆசையாக ஒரு பியீ வாங்கினேன். வெள்ளையரிசி மாதிரியே தண்ணீர் வைத்தேன், கடக்கு முடக்கென்று நின்றது. மிச்ச அரிசி ரெண்டு மாதத்தில் சிக்கு நாற்றம் அடித்தது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் அதை வைத்துக்கொள்ள முடியாது என்று தெரியாமல் போச்சு. இப்போது ரெண்டு மூன்று டின்தான் வாங்குகிறேன். ராத்திரியே ஊறவைத்து, தண்ணீர் கூட வைத்து, இட்லி மாவில் பாதிக்குப் பாதி கலந்துவிடுகிறேன். இட்லியாக வந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. சோற்றுக்கு அதே பழைய போஸான்மொய் அரிசிதான். 2011இல் உலகத்திலேயே சிறந்த அரிசி என்று பரிசு வாங்கின ரகம் அது. அந்த வாசனையை விட்டுக்கொடு என்று இந்த ஊரில் யாரிடமும் கேட்க முடியாது. அளவைத்தான் குறைக்க முடியும்.

ஒன்றே ஒன்று முன்னாலேயே தெரிந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். ஒன்றரை வருஷம் கழித்து அவருக்குப் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. சர்க்கரை நரம்பைத் தொட்டுவிட்டது என்று பயந்தோம். பார்த்தால் பி12 குறைவு. பயறிலும் கீரையிலும் அது கிடையாது. கறி, மீன், முட்டை, பால் இவற்றில்தான் உண்டு. போதாக்குறைக்கு அவர் சாப்பிடுகிற மெட்ஃபார்மின் மாத்திரை நாள்பட அதைக் குறைக்கும். மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள், ஊரல் நின்றது. கறி மீனைக் குறைக்கிற எந்த வீட்டிலும், அதிலும் சர்க்கரை மாத்திரை போடுகிற வீட்டில், இதை டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் என்னைப் பார்த்து ஒரேயடியாகப் பயறுக்கு மாறிவிட வேண்டாம், அவர்களுக்குக் கணக்கே வேறு.

நேற்று ராத்திரி கரண்ட் போய்விட்டது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் கொண்டைக்கடலையைக் கழுவி ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் லுங்கியைச் சரிசெய்தபடி அடுப்படிக்கு வந்தார். கேட்காமலே பாத்திரத்தில் கைவிட்டு ஒரு மணியை எடுத்து முன்பல்லில் வைத்தார்.

“போன வருஷத்துச் சரக்கு. விடியறதுக்குள்ள ஊறாது.”

“நீங்கதானே கொண்டாந்தீங்க?”

“அதான் சொல்றேன். கொஞ்சம் சுடுதண்ணி ஊத்து” என்று சொல்லிவிட்டு ஃபிளாஸ்க்கை எடுத்து வந்து அவரே ஊற்றினார்.